நல்ல சுருட்டை ருசி பார்த்து மதிப்பிடுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஒரு சுருட்டைப் பற்றி எழுதிய மதிப்புரையை முதன்முதலாகப் படித்தபோது எனக்குத் தாழ்வு மனப்பான்மையே வந்துவிட்டது. மேப்பிள் சிரப், கிரஹாம் பிஸ்கட், கருப்புச் செர்ரி என்று அடுக்கிக்கொண்டே போனார் மனிதர். அதே சுருட்டு என் கையிலும் புகைந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் புகை, கொஞ்சம் காரம், அவ்வளவுதான். மேப்பிள் சிரப்பை நான் நாக்கில் வைத்துப் பார்த்ததே அதற்கு நாலு வருஷம் கழித்துத்தான். தின்றே பார்க்காத பண்டத்தின் ருசி புகையில் எப்படிப் பிடிபடும்?

அப்புறம் ஒரு ராத்திரி மொட்டை மாடியில் அதே வகைச் சுருட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாதி தாண்டியதும் ஒரு வாசனை வந்தது. காபி ஃபில்டரில் இரண்டாம் டிகாக்‌ஷன் இறங்கும்போது வருமே, கொஞ்சம் தண்ணீராக, கொஞ்சம் கசப்பாக, அது. அதை அப்படியே நோட்டில் எழுதினேன். அன்றிலிருந்துதான் எனக்குச் சுருட்டு பிடிபட ஆரம்பித்தது. இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்ல வருவதும் இதுதான்: மாறிக்கொண்டே இருக்கும் ருசியைக் கவனியுங்கள், உங்கள் வீட்டுச் சொற்களில் எழுதுங்கள், மார்க்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆரம்பிக்கும் முன் ஒன்றை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் கெடுதல் இல்லை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். வாயில் வைத்திருந்தாலே போதும், நிகோடின் உட்தோல் வழியாக ரத்தத்தில் ஏறிவிடும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் இதனால் வரும். பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே எப்போதாவது பிடிப்பவர்களுக்காக எழுதியது இது.

எதை எடுத்துக்கொள்வது

பொதுவாகப் பேசினால் வெறும் காற்றில் கம்பு சுற்றுவதாகிவிடும். ஒரே ஒரு சுருட்டை வைத்துப் பேசுவோம்: பர்தகாஸ் செரியே டி நம்பர் 4. கியூபாவின் ஹவானாவில் 1845-இல் தொடங்கிய பழைய பெயர். இது ரொபுஸ்தோ அளவு: நீளம் 124 மி.மீ., தடிமன் 50 ரிங். ஓர் அங்குலத்தை 64 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு ரிங். ஆக 50 ரிங் என்றால் ஏறக்குறைய 20 மி.மீ., ஒரு கட்டைவிரல் தடிமன் என்று வைத்துக்கொள்ளலாம். பிடித்து முடிக்க முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். வலுவான சுருட்டு, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். பாடம் படிக்க வசதியானது.

ஒன்றை வைத்து எடை போடாதீர்கள், இரண்டு மூன்று வாங்குங்கள். கையால் சுருட்டுவது, ஒன்றைப் போல் இன்னொன்று இராது. பெட்டியோடு கிடைத்தால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்பானிய மாதப் பெயரின் முதல் மூன்று எழுத்தும் ஆண்டும் முத்திரை குத்தியிருக்கும். அது பெட்டியில் அடைத்த தேதி. கியூபச் சுருட்டில் போலிகள் ஏராளம். யாராவது கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கொய்பா (கியூபாவின் பேர்போன விலையுயர்ந்த வகை) என்று நீட்டினால், கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

உள்ளே இருப்பது

சுருட்டைக் குறுக்கே வெட்டினால் மூன்று அடுக்கு தெரியும். நடுவில் பூரணம், அதைச் சேர்த்துக் கட்டும் இலை, எல்லாவற்றுக்கும் மேலே போர்த்திய இலை. ஃபில்லர், பைண்டர், ராப்பர் என்பார்கள். நல்ல சுருட்டில் பூரணமும் முழு நீள இலையாக இருக்க வேண்டும்; மலிவுச் சரக்கில் துண்டும் தூளும் இருக்கும்.

பூரணத்தில் செடியின் வெவ்வேறு உயரத்து இலைகளைக் கலக்கிறார்கள். அடியிலைக்கு வோலாடோ என்று பெயர். ருசி குறைவு, நன்றாக எரியும். நடு இலை செகோ, வாசனைக்கு. உச்சியில் வெயிலை முழுக்கக் குடித்து வளரும் இலை லிஹேரோ. தடித்தது, எண்ணெய்ப் பசை உள்ளது, வலுவெல்லாம் அதில்தான். லிஹேரோ என்றால் ஸ்பானிய மொழியில் லேசானது என்று அர்த்தமாம், பெயர்ப் பொருத்தம் அப்படி! அது மெதுவாக எரியும் என்பதால் சுருட்டுபவர் அதை நட்டநடுவில் வைப்பார். இதை ஞாபகத்தில் வையுங்கள், சாம்பலைப் பார்க்கும்போது உதவும்.

ராப்பரின் நிறத்தை வைத்து வலுவைச் சொல்வது நம்மூரில் எல்லோரும் செய்யும் தப்பு. கருத்த மதுரோ இலை அதிக நாள் புளிக்கவைத்துக் கருத்தது. பெரும்பாலும் அதில் இனிப்புத்தான் கூடியிருக்கும். வெளிறிய ராப்பருக்குள் தலைசுற்ற வைக்கும் பூரணமும் இருக்கலாம்.

மண்ணும் பேசும். கியூபாவின் மேற்கே பினார் தெல் ரியோ மாகாணத்தில் வுவெல்தா அபாஹோ என்ற பகுதி இருக்கிறது. ஹவானாச் சுருட்டின் பெயருக்கு அந்தச் செம்மண்தான் முதல். நிகரகுவாவின் எஸ்தெலி இலையில் மிளகு தூக்கலாக இருக்கும். டொமினிகன் குடியரசின் சிபாவோ பள்ளத்தாக்கு இலை சாது.

இடையில் ஒன்று. ஆங்கிலத்தின் செரூட் என்ற சொல் நம் ‘சுருட்டு’ கப்பலேறிப் போனதுதான். திருச்சி, திண்டுக்கல் சுருட்டுகள் ஒரு காலத்தில் இங்கிலாந்து வரை போயின. கருப்பசாமிக்குப் படைக்கிற நம்மூர்ச் சுருட்டுக்கு இரு முனையும் திறந்திருக்கும். ஹவானாச் சுருட்டின் தலைப்பக்கம் இலையால் ஒட்டி மூடியிருக்கும். அதை வெட்டினால்தான் புகை வரும்.

பிடிக்கும் முன்: ஓய்வு

வாங்கிய அன்றே பற்றவைக்காதீர்கள். 65 முதல் 70 சதவீத ஈரப்பதம், 18 முதல் 21 டிகிரி வெப்பம், இரண்டு வாரம். காற்றுப்புகாத டப்பாவும் ஈரப்பதப் பொட்டலமும் போதும், விலையுயர்ந்த பெட்டி தேவையில்லை. வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டை பொரியும். ராப்பரில் குண்டூசி குத்தியது போல் வட்ட ஓட்டையும் அடியில் மெல்லிய தூளும் கண்டால் அதன் வேலைதான். சென்னையில் மே மாதம் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சந்தேகம் வந்தால் மற்றவற்றைக் கவரில் கட்டி ஃப்ரீசரில் மூன்று நாள், பிறகு கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்து எடுங்கள்.

சுருட்டு பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும். நான் ஒரு தடவை ஆறு சுருட்டைத் துணி பீரோவில் வைத்தேன், வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான் என்று. பட்டுப்புடவைகளுக்கு நடுவே அந்துருண்டை இருந்தது எனக்குத் தெரியாது. ஆறும் அந்துருண்டை. முதல் இழுப்பில் ஏதோ கல்யாண வீட்டுக்குக் கிளம்புவது போல இருந்தது!

முதல் படி: நேரமும் இடமும்

சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. வெறும் வயிற்றில் வலுவான சுருட்டு பிடித்தால் வியர்க்கும், குமட்டும், உலகம் சுற்றும். அப்படி ஆனால் அணைத்துவிட்டுச் சர்க்கரை போட்ட ஏதாவது குடித்து உட்காருங்கள். சாப்பாட்டில் பூண்டும் ஊறுகாயும் தூக்கலாக இருந்த நாளில் மதிப்பீடு வேண்டாம். பக்கத்தில் தண்ணீர் மட்டும் போதும். காபியும் மதுவும் சுருட்டோடு நன்றாகச் சேரும் என்பார்கள், நிஜம்தான். ஆனால் அன்றைக்கு நீங்கள் மதிப்பிடுவது இரண்டையும் சேர்த்தாகிவிடும்.

காற்று வேகமாக வீசும் இடத்தில் ஒரு பக்கமாக எரியும், அந்தப் பழி சுருட்டின் மேல் விழும். ஊதுபத்தி, கொசுவர்த்தி இரண்டும் கூடாது. வீட்டில் குழந்தைகள், ஆஸ்துமாக்காரர்கள் இருந்தால் மாடிக்குப் போய்விடுங்கள்.

இரண்டாம் படி: கண், கை, மூக்கு

ராப்பரில் தடித்த நரம்புகள் குறைவாக, மெல்லிய எண்ணெய் மினுமினுப்போடு இருந்தால் நல்லது. தலையிலிருந்து அடி வரை விரல்களால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். எங்கேயாவது கட்டியாக இருந்தால் அங்கே இழுப்பு இறுகும். எங்கேயாவது பொதபொதவென்று இருந்தால் அங்கே சூடாக, வேகமாக எரியும். காதருகே உருட்டிப் பார்ப்பது சினிமாவுக்கு நல்லது, வேறு பயன் இல்லை.

பிறகு ராப்பரை முகருங்கள், அடுத்து பற்றவைக்கப்போகும் அடிமுனையை முகருங்கள். இரண்டும் வேறு வேறு வாசனை. டி நம்பர் 4-இன் ராப்பரில் எனக்கு வைக்கோலும் மாட்டுத்தொழுவமும் வரும். முகம் சுளிக்க வேண்டாம், நன்றாகப் புளித்த இலையின் அடையாளம் அது. மூக்கைக் குத்தும் அமோனியா நெடி வந்தால் மட்டும் திரும்ப டப்பாவில் வையுங்கள். இலை இன்னும் அடங்கவில்லை. ஆறு மாதம் பொறுக்கலாம்.

மூன்றாம் படி: வெட்டு

தலையில் ஒட்டியிருக்கும் மூடி முடியும் இடத்தில் மெல்லிய கோடு தெரியும். கோட்டுக்கு மேலேயே, சுமார் 2 மி.மீ. மட்டும், ஒரே வெட்டு. கோட்டைத் தாண்டினால் ராப்பர் பிரிந்து வாயெல்லாம் இலையாகும். பல்லால் கடிப்பதைப் பற்றிப் பேச வேண்டாம்.

வெட்டியதும் பற்றவைக்காமலேயே இரண்டு மூன்று முறை இழுங்கள். ஸ்ட்ராவில் மோர் உறிஞ்சுவது போல லேசான எதிர்ப்பு இருக்க வேண்டும். கெட்டி மில்க்‌ஷேக் உறிஞ்சுவது போல இருந்தால் இன்னும் 1 மி.மீ. வெட்டுங்கள். எதிர்ப்பே இல்லையென்றால் சூடாக எரியப்போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் புகையில்லா இழுப்பிலேயே ருசி வரும். ஒரு வரி எழுதிவிடுங்கள். பின்னால் ஒப்பிடும்போது சிரிப்பு வரும், அவ்வளவு வித்தியாசமாக இருக்கும்.

நான்காம் படி: தீ

பியூட்டேன் லைட்டர் அல்லது நீளத் தீக்குச்சி. பெட்ரோல் லைட்டர் வேண்டாம், முதல் கால் மணி நேரம் பெட்ரோல்தான் ருசிப்பீர்கள். தீக்குச்சியென்றால் கந்தகம் எரிந்து முடியும் வரை பொறுங்கள். அடிமுனையைச் சுடருக்கு மேலே, சுடர் தொடாமல் பிடித்து, அப்பளம் சுடுவது போலத் திருப்பிக்கொண்டே இருங்கள். விளிம்பு கருகி, பிறகு முகம் முழுக்க மெல்லச் சிவக்கும். அதற்குப் பிறகு வாயில் வைத்து இழுத்தபடி ஒரு சுற்று. முனையை லேசாக ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் கருப்பாக இருந்தால் அங்கே மட்டும் இன்னும் கொஞ்சம் தீ காட்டுங்கள்.

ஐந்தாம் படி: மூன்று பாகம்

இனி நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. இதைவிட வேகமாக இழுத்தால் நெருப்பு சூடேறி எல்லாமே கசப்பாகிவிடும். சுருட்டு கசக்கிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேர் அவசரக்காரர்கள். புகையை வாயில் இரண்டு மூன்று நொடி வைத்திருந்து வெளியே விடுங்கள், விழுங்கக் கூடாது.

நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், தக்காளியில் வருமே, அந்த ருசி), அவ்வளவுதான். மற்றதெல்லாம் மூக்கின் வேலை. அதனால் ஐந்தாறு இழுப்புக்கு ஒரு முறை, பெரும்பகுதிப் புகையை வாய்வழி விட்டுவிட்டு, மிச்சம் இருக்கும் கொஞ்சத்தை மட்டும் மூக்கு வழியாக மெதுவாக விடுங்கள். நெஞ்சுக்குள் போகக் கூடாது. முதல் தடவை கண்ணில் தண்ணீர் வரும். பழகியதும் அதுவரை வெறும் காரம் என்று நினைத்தது மிளகா, சுக்கா, கிராம்பா என்று பிரிந்து தெரியும்.

டி நம்பர் 4-ஐ மனசால் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

முதல் பாகம்: “பற்றவைத்து ஐந்து நிமிடம் ஒரே மிளகு, தட்டிப் போட்ட மிளகு ரசம் மாதிரி மூக்கில். பிறகு அடங்கி, மழை விழுந்த செம்மண். உதட்டில் லேசாக உப்பு.”

இரண்டாம் பாகம்: “டிகாக்‌ஷன். சிக்கரி இல்லாதது. புதுச் செருப்பின் தோல். புகை வாயில் கனமாக, பால் காய்ச்சியது போல நிற்கிறது. மிளகு போன இடம் தெரியவில்லை. இதுதான் நல்ல கட்டம்.”

மூன்றாம் பாகம்: “மிளகு திரும்பிவிட்டது. அடிப்பிடித்த கருப்பட்டிப் பாகு. கடைசி இரண்டு விரல் அளவு சூடாகவும் கசப்பாகவும், வைத்துவிட்டேன்.”

உங்களுக்கு இதே வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இலை மாறும், ஆண்டு மாறும், அன்றைய சாப்பாடு மாறும். ஆனால் எந்த இடத்தில் மாறியது, எது போய் எது வந்தது என்று எழுதிவிட்டால் அது மதிப்பீடு. ‘நன்றாக இருந்தது’ என்று ஒரு வரி எழுதினால் அடுத்த வருஷம் உங்களுக்கே ஒன்றும் புரியாது.

சொற்களைப் பழக்க ஒரு வழி

இது சுருட்டே இல்லாமல் செய்யும் பயிற்சி, செலவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அஞ்சறைப் பெட்டியை முகருங்கள். வீட்டில் யாரையாவது ஒவ்வொன்றாக நீட்டச் சொல்லிப் பெயர் சொல்லுங்கள். சீரகத்தையும் சோம்பையும் பிரித்துச் சொல்பவர்கள்கூட வெந்தயத்தில் தடுமாறுவார்கள். அடுத்து வறுத்ததும் வறுக்காததும்: பச்சைக் கடலை, வறுகடலை, கருகிய கடலை. சுருட்டில் வரும் ‘கொட்டை’ ருசி இந்த மூன்றில் எது என்று சொல்லத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. காபியில் சிக்கரியின் கசப்பு நாக்கின் மேலேயே தங்கும், கொட்டையின் கசப்பு சீக்கிரம் விலகும். இரண்டையும் தனித்தனியாகப் போட்டுக் குடித்துப் பாருங்கள். சந்தனம், பழைய மரப்பெட்டி, பழைய புத்தகம், வெல்லம், புளி, வாழைச்சருகு எல்லாமே சுருட்டில் எனக்கு ஏதாவது ஒரு நாள் வந்திருக்கிறது. மேப்பிள் சிரப் இன்னும் வரவில்லை.

சாம்பலும் நெருப்பும்

சாம்பலை அடிக்கடி தட்டாதீர்கள். 2 செ.மீ. வரை நிற்கட்டும், நெருப்பைச் சூடேறாமல் காக்கும். முழு இலையால் நன்றாகச் சுருட்டிய சுருட்டில் சாம்பல் கெட்டியாக நிற்கும். துண்டு இலையில் பொலபொலவென்று உதிரும். வெள்ளைச் சாம்பல்தான் உயர்ந்தது என்பது கதை, அது மண்ணில் இருக்கும் தாதுக்களைப் பொறுத்தது.

சாம்பல் விழுந்ததும் நெருப்பின் வடிவத்தைப் பாருங்கள். நடுவில் கூம்பாக நீட்டிக்கொண்டிருந்தால் மெதுவாக எரியும் லிஹேரோ சரியான இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஓடி எரிந்தால் இலை ஓரத்துக்குப் போயிருக்கலாம், அல்லது காற்று, அல்லது நீங்கள் பற்றவைத்த லட்சணம். இரண்டு விரல்கடை ஓடும் வரை பொறுத்து, தானாகச் சரியாகாவிட்டால் பின்தங்கிய பக்கத்துக்குத் தீ காட்டுங்கள். எத்தனை முறை காட்டினீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். அணைந்துபோனால் சாம்பலைத் தட்டி, பழைய புகையை வெளிப்பக்கமாக ஒரு முறை ஊதித் தள்ளிவிட்டுப் பற்றவையுங்கள். மறுநாள் அதே துண்டைப் பற்றவைப்பது, பழைய சோற்றைப் போல வராது, நாறும்.

சுருட்டைச் சுற்றி ஒட்டியிருக்கும் பெயர் அச்சிட்ட காகிதப் பட்டையைப் பாதியில் கழற்றுங்கள். சூட்டில் பசை இளகியிருக்கும். முதலிலேயே பிய்த்தால் ராப்பரும் சேர்ந்து கிழியும்.

வலு வேறு, கனம் வேறு

இந்த இரண்டையும் குழப்பாமல் எழுதினாலே பலரைவிட நீங்கள் மேல். வலு என்பது நிகோடின். அது உடம்பில் தெரியும், தலையில் தெரியும், கொஞ்சம் தாமதமாகவும் தெரியும். கனம் என்பது வாயில் புகை நிற்கும் அடர்த்தி. மோருக்கும் தயிருக்கும் உள்ள வித்தியாசம். கனமான புகை கொடுத்துத் தலையைத் தொடாத சுருட்டும் உண்டு. ருசியின் அழுத்தம் மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனியாக ‘கம்மி, மத்திமம், ஜாஸ்தி’ போடுங்கள், போதும்.

மார்க் போடுவது

1992-இல் தொடங்கிய சிகார் அஃபிசியனாடோ என்ற அமெரிக்க இதழ் 100-க்கு மார்க் போடுகிறது. தோற்றமும் கட்டுமானமும் 15, ருசி 25, எரியும் விதம் 25, ஒட்டுமொத்த எண்ணம் 35. பெயர் தெரியாதபடி மறைத்துவிட்டுத்தான் பிடிக்கிறார்கள். அந்த 35-தான் எனக்கு உறுத்தல். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ‘எனக்குப் பிடித்தது’ என்ற கணக்கில் போகிறது. ஆனாலும் பெயரை மறைப்பதை அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள். நண்பரிடம் கொடுத்துப் பட்டை தெரியாமல் காகிதம் சுற்றச் சொல்லி, ஒரு கியூபா, ஒரு நிகரகுவா, ஒரு டொமினிகன், வேறு வேறு நாளில் பிடித்துப் பாருங்கள். நான் அப்படிச் செய்தபோது கியூபா என்று ஆணித்தரமாகச் சொன்னது எஸ்தெலியில் சுருட்டியது. நண்பர் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

என் வழக்கம் இது: அன்றைக்கு மார்க்கே போடுவதில்லை. மூன்று பாகத்துக்கும் குறிப்பு, எத்தனை முறை தீ காட்டினேன், எத்தனை நிமிடம், என்ன சாப்பிட்டிருந்தேன், இவ்வளவுதான் எழுதுவேன். மறுநாள் காலையில் பல் தேய்க்கும் முன் வாயில் மிச்சமிருக்கும் ருசியையும் ஒரு வரி. பிறகுதான் நோட்டைப் படித்துப் பார்த்து, இதை மறுபடி காசு கொடுத்து வாங்குவேனா என்று கேட்டுக்கொண்டு, 10-க்கு ஒரு எண். டி நம்பர் 4-க்கு முதல் சுருட்டில் 8 போட்டேன்; இரண்டாவது சுருட்டில் இழுப்பு இறுகி 6 ஆனது. இரண்டும் ஒரே பெட்டி. மூன்றாவதை டப்பாவில் வைத்து மேலே தேதி ஒட்டியிருக்கிறேன்.

முடித்த துண்டைச் சிகரெட்டைப் போல நசுக்காதீர்கள், வீடே நாறும். சாம்பல் தட்டில் படுக்க வைத்தால் சில நிமிடங்களில் தானாக அணைந்துவிடும். அப்புறம் தட்டை ராத்திரியே வெளியே வைத்துவிடுங்கள். காலையில் திட்டு வாங்காமல் இருக்கலாம்.